மீன் தொட்டியில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

வெள்ளானூரில் சொந்த வீடு என்று முடிவானதும் வீட்டில் ஆளாளுக்கு ஒரு சந்தோஷம். எனக்கு முதலில் வந்தது பயம்தான். அம்பத்தூர் வாடகை வீட்டின் ஹாலில் இருந்த என் மீன் தொட்டியை அங்கே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பீரோவைத் தூக்கலாம், கட்டிலைக் கழற்றலாம். மணலும் செடியும் மீனுமாக ஒரு ஆள் நீளத்துக்கு உயிரோடு நிற்கிற ஒன்றை எந்தப் பக்கம் பிடிப்பது?

அழகுக்கு வைத்த தொட்டி இல்லை அது. எங்கள் வீட்டில் குழம்பு எத்தனை கொதி கொதிக்க வேண்டும் என்பது வரை மாமியார் சொன்னதுதான் சட்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போனால் சூப்பர்வைசர் சட்டம். என் பேச்சு செல்லுபடியான ஒரே இடம் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. ஆரம்பத்தில் நிறைய மீன்களைச் சாகடித்துத்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் செடிகள் வேர் பிடித்தன. ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று அகலமான இலையில் முட்டை வைத்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி விசிறிக்கொண்டு காவல் நின்றதைப் பார்த்து, ஒருநாள் வேலைக்கே லேட்டாகப் போனேன். குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன. யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் பெருமை இருந்தது.

பால் காய்ச்சாமல் ஒரு சாமானும் புது வீட்டுக்குள் போகக் கூடாது என்பது வழக்கம். காய்ச்சின பிறகு என்றால் கூட்டத்துக்கு நடுவே தொட்டியை அமைக்க முடியாது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மாமியார் மறுப்பார் என்றே நினைத்தேன்.

"தண்ணியும் உசுரும் மொதல்ல போறது நல்லதுதாம்மா. முன்னாடி நாளே எடுத்துகினு போ" என்றார்.

அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

தொட்டியின் பழைய தண்ணீரைக் காலி வாட்டர் கேன்களில் பிடித்துக்கொண்டேன். செடிகளை மெதுவாகப் பிடுங்கி ஈர நியூஸ்பேப்பரில் சுருட்டினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவாமல் அதே தண்ணீரில் ஊறப் போட்டேன். அதில் படிந்திருக்கும் பழுப்புச் சேறுதான் தண்ணீரைச் சுத்தமாக வைக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அது அழுக்கு. மீன்களுக்கு முதல் நாளிலிருந்தே தீனி இல்லை. கவர்களில் அவற்றை விட்டு, கடைக்காரரிடம் ஆக்சிஜன் அடைத்து வாங்கி, தெர்மகோல் பெட்டியில் அடுக்கினேன். குட்டியானை லோடு வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்று பின்னால் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஆவடி தாண்டுகிற வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினேன்.

அன்று சாயங்காலமே தொட்டி தயார். கலங்கின தண்ணீர் தெளிந்து, ஏஞ்சல் ஜோடி செடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. நாளைக்கு யாரும் தொட்டிப் பக்கம் போகாதீர்கள் என்று மட்டும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கிரகப்பிரவேசம். பசுமாடு வந்தது, ஹோமம் நடந்தது, பால் பொங்கியது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் கோமியம் கலந்து மாவிலையால் எல்லா அறையிலும் தெளித்தார்கள். நான் அடுப்படியில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். ஐயர் கிளம்பும்போது, குடத்தில் மிச்சமிருப்பதைக் கால் படாத இடமாகப் பார்த்து, ஏதாவது செடி வேரில் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறார். மாமியார் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்திருக்கிறார். வாசலிலிருந்து மதில் வரை எல்லாம் டைல்ஸ். துளசி மாடம்கூட இன்னும் வைக்கவில்லை. அந்த வீட்டில் செடி இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

நான் வெளியே வந்தபோது தொட்டி முழுக்க மஞ்சள். மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"யார் ஊத்தினது?" என்று கத்தினேன்.

"நான்தாம்மா ஊத்துனேன். கால் படாத எடம், செடியும் கீது. எவ்ளோ பொருத்தமா கீது பாரு" என்றார் மாமியார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. விளையாட்டுக்கோ வேண்டுமென்றோ செய்யவில்லை. பக்தியோடு, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியிருக்கிறார்.

தண்ணீரை இறைக்க பக்கெட்டும் டியூபும் எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா பண்ற? பூஜைத் தண்ணிய இன்னிக்கே தூக்கி வெளிய ஊத்துவியா? வெளங்குமா இந்த ஊடு?"

கோமியம் செவுளை எரிக்கும், செத்துவிடும் என்றேன். "மஞ்சள் கிருமிநாசினிதானே, மீனுக்கும் நல்லதுதான்" என்று ஒரு சித்தப்பா சொன்னார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "வந்தவங்க சாப்ட்டு போவட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. பந்திக்கு வைத்திருந்த கேனைச் சாய்த்து ஒரு பக்கெட்டில் நல்ல தண்ணீர் பிடித்தேன். ஏஞ்சல் ஜோடியையாவது மாற்றிவிடலாம் என்று.

"அண்ணி, மனுசங்களுக்கே கேன் தண்ணி பத்தல. மீனுக்கு மினரல் வாட்டரா?" என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பந்தி முடியும்போது பக்கெட்டுக்கு மாற்றிய இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. தொட்டியில் இருந்தவை அதற்கும் முன்பே. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் வந்து என் தலையைத் தடவினார். தெரியாமல் ஊற்றிவிட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் நிமிர்ந்தே பார்த்தேன்.

"அழாதம்மா. இந்தக் குடும்பத்துக்கு வந்த கண்டத்த அதுங்க வாங்கிகிச்சு. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுனு வெச்சுக்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல சகுனம் என்றார்கள். ஒருத்தர் கை எடுத்துக் கும்பிடவே கும்பிட்டார். நான் வளர்த்ததெல்லாம் யாரோ ஒருத்தர் தலையிலிருந்து விழுந்த தலைப்பாகை.

குடம் பிடித்த கை மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் இல்லை. செத்ததை நல்லது என்று சொன்ன வாய் மேல்தான் கோபம்.

கொஞ்ச நாளில், ஆவடியில் மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் என் வீட்டுக்காரர் பைக்கோடு விழுந்தார். பின்னால் வந்த தண்ணி லாரி பிரேக் போட்டு நின்றுவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் எங்கள் வீட்டில் அது நிரூபணம் ஆகிவிட்டது. "பாத்தியா நைனா, மீனு காப்பாத்திச்சு" என்று மாமியார் மகனுக்குத் திருஷ்டி சுற்றினார்.

ஒருமுறை, வீடு பார்க்க வந்த ஒரு அக்காவிடம் நான் உண்மையைச் சொன்னேன். "கண்டமெல்லாம் இல்லக்கா. கோமியத் தண்ணி ஊத்தினாங்க, செத்துப்போச்சு" என்றேன். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. "எங்கம்மாவ கொலகாரி ஆக்குற. மீனுக்காக" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம் ரொம்ப நாள் அந்த வீட்டில் என்னோடு பேசியது பிரஷர் குக்கர் மட்டும்தான்.

காலித் தொட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது சோபா இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் மாமியார் அதில் உட்கார்ந்துதான் கதை சொல்கிறார். வருஷத்துக்கு வருஷம் லாரி பெரிதாகிக்கொண்டே போகிறது. மீன்கள் தாமாகவே மேலே வந்து உயிரை விட்டன என்கிறார். நம்பிச் சொல்கிறார், அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

போன வாரம் வேலப்பன்சாவடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். "எம் மருமவ கொழந்த மாதிரி வளத்தா. அந்தப் புண்ணியந்தான் எம் புள்ள உசுரோட கீறான்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. மீனுங்கதான வாங்கிகிச்சு?"

வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் அத்தை" என்று சொல்லிவிட்டு, காபி டம்ளர்களை நீட்டினேன்.