பூசையில வச்ச பத்திரத்தை ஸ்கேன் பண்ணலாமா?

ஆயுத பூஜை அன்னைக்கு நான் பெரிய பாவம் பண்ணிட்டேனாம். எங்க பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு.

மேட்டர் இதான். நிலக்கோட்டை பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அப்பாவுக்குப் பாதி, அவரு அண்ணனுக்குப் பாதி. கெணறு மட்டும் பொது. ஆனா தண்ணி முறை? பெரியப்பாவுக்கு வாரத்துல அஞ்சு நாள், எங்களுக்கு ரெண்டே நாள்! கேட்டா, "பத்திரத்துல அப்படித்தான் இருக்கு"ம்பாரு. இந்த வருஷம் அடிச்ச வெயில்ல எங்க செடி பாதி கருகிப்போச்சு.

அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் எங்க? அவரு பீரோவுல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நகல் வாங்க வேண்டியதுதானன்னு கேக்குறீங்களா? அட, பத்திர நம்பரே அதுக்குள்ளதாங்க கெடக்கு!

வருஷத்துல ஒருநாள்தான் அது வெளிய வரும். ஆயுத பூஜைக்கு. அருவா, மம்பட்டி, பத்திரம்... எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு அடுக்கிருவாங்க. பெரியப்பா வீட்டுல எல்லாரும் கூடிக் கும்பிடுவோம். ஒருத்தரும் படிக்க மாட்டோம். ஏன்னா பூசையில வச்சத அன்னைக்குப் படிக்கக் கூடாது. மறுநாள் விடியுறதுக்குள்ள அது பீரோவுக்குப் போயிரும். எப்படி பிளான்?

இந்தத் தடவை சூடம் அணையவும் டேப்லட்டை எடுத்தேன். மொதப் பக்கம் — கிளிக்.

"ஏ புள்ள, கைய எடு! இன்னைக்கு அதப் படிக்கலாமா?" — பெரியப்பா.

"யாரு படிச்சா? ஸ்கேன்தான் பண்றேன். படிக்கிறது நாளைக்கு... விஜயதசமி அன்னைக்கு."

அம்மா என் இடுப்புல கிள்ளுறாங்க. நான் கண்டுக்கவே இல்ல.

மத்த பக்கத்துலல்லாம் பொட்டு மூலையில இருந்துச்சு. மூணாம் பக்கத்துல மட்டும் நடு வரி மேல சந்தனம் அப்பிக் கெடக்கு! யாரு வச்சதுன்னு நான் கேக்கல. நகத்தால சுரண்டுனேன்.

"சாமி குத்தம்டி!"ன்னு பெரியம்மா அலறுனாங்க.

கிளிக்.

அப்பாவுக்குக் கையெழுத்து போட மட்டுந்தான் தெரியும். மறுநாள் காலைல அவரு பக்கத்துல ஒக்காந்து, ஸ்க்ரீன்ல அந்த வரியப் பெருசாக்கி சத்தமாப் படிச்சேன். கெணத்துத் தண்ணி ரெண்டு பேருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்!

அப்பா மறுபடியும் படிக்கச் சொன்னாரு. அப்புறம் சட்டைய மாட்டிட்டு நேரா அண்ணன் வீட்டுக்கு. பின்னாடியே நான், டேப்லட்டோட.

ஸ்க்ரீனப் பாத்த பெரியப்பாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "பொட்டப்புள்ளயப் படிக்க வச்சுக் கெடுத்துட்டடா"ன்னாரு.

அண்ணன் முன்னாடி வாயே தெறக்காத மனுஷன் எங்கப்பா. அன்னைக்குத் தெறந்தாரு.

"ஆமாண்ணே. மோட்டார் ரூம் சாவியக் குடுங்க. இன்னைக்கு எங்க முறை."

இப்ப ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. இதெல்லாம் தேவையான்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க.

மல்லிகைக்குப் பேச்சுவார்த்தை எதுக்குங்க? தண்ணிதான் வேணும்!