வாங்கினவள் எந்தப் பக்கம் போனாள்

என் காதில் பூச்சுற்ற இன்றுவரை ஒருவன் பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று கடப்பாக்கத்திலிருந்து என் பெயர் எழுதிய வண்டிகள் மீன் ஏற்றிக்கொண்டு போகின்றன. காலேஜ் படித்த பிள்ளைகள் செல்போனில் வந்ததையெல்லாம் நம்பிவிட்டு என்னிடம் வந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். இந்தப் புத்தி எனக்குக் கிடைத்த இடம் மதுராந்தகம் கடைத்தெரு. எழுபதுகளில் ஒரு காலை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்.

எங்களோடு இருந்த அத்தைக்குப் புருஷன் இல்லை. கரையில் ஏலம் எடுத்த மீனைப் பஸ்ஸில் கொண்டுபோய், மதுராந்தகத்தில் தெருத்தெருவாகச் சுமந்து விற்பாள். அவள் கூடை காலியானால்தான் எங்கள் அடுப்பில் உலை. அந்தச் சமயத்தில் ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்க வந்த முதலாளி ஒருவர், பெட்டியை ஏற்றி மைக் கட்டிய வேனை ஊருக்குள் சுற்றவிட்டார். கூடை மீன் வெயிலில் விஷமாகிறது, தின்றவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், ஐஸ் மீன் ஒன்றே சுத்தம் என்று அது பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லும். வழக்கமாக வாங்கும் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. மீனோடு திரும்பிய நாட்களில் எங்களுக்குக் கஞ்சித்தண்ணி.

நானோ வேனை நம்பிவிட்டேன். அவ்வளவு பெரிய குரல் பொய் சொல்லுமா?

"அத்தே, நம்ம மீனு விஷமா?"

"நேத்து ராவுல துன்னியே, செத்தா பூட்ட?"

அன்றைக்குக் கூடையை விற்காமல் திரும்பப் பஸ் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைத்தெருவில் வேனைச் சுற்றி ஒரே கூட்டம். பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, "நேத்து வாங்கினு போனேன், இன்னா ருசின்ற. இன்னிக்கும் குடுப்பா" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அதைப் பார்த்து நாலைந்து பேர் முண்டினார்கள்.

அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் மீன்காரன் தன் மச்சானை எதிரே நிறுத்தி விலையை ஏற்றிவிடுவான். மச்சான் தொண்டை கிழியக் கேட்பான், மீனை மட்டும் எடுத்துப் போகமாட்டான். அதனால் எங்கள் பெண்கள் கேட்கிறவன் வாயைப் பார்ப்பதில்லை, மீன் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள்.

"அவ பின்னாடியே போ. எந்த வூட்ல மீன ஆயுறான்னு பாக்காத வந்தேன்னா இங்கியே வுட்டுட்டு பூடுவேன்" என்றாள்.

போனேன். காலில் முள் குத்தியது, குனியவில்லை. பச்சைச் சேலை எந்த வீட்டுக்கும் போகவில்லை. துணிக்கடைச் சந்தில் நுழைந்து, சுற்றிக்கொண்டு வேனின் பின்பக்கம் வந்தாள். டிரைவர் பொட்டலத்தை வாங்கி மீனைப் பெட்டிக்குள்ளேயே போட்டான். அவள் கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிக்கொண்டு மறுபடி முன்னால் போய், "நேத்து வாங்கினு போனேன்..." என்றாள்.

ஓடிவந்து சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினாள். "கண்டத சொல்லுடி." சொன்னேன்.

"யாரு பெத்த குட்டி இது? இன்னாத்தடி கண்ட?" என்று பச்சைச் சேலை பாய்ந்தாள்.

"புள்ளைய இன்னாத்துக்கு மெரட்ற? ருசியான மீன வூட்டுக்கு எடுத்தும் போவாத வேனையே சுத்தி வர்றியே, நேந்துகினியாமே?" என்றாள் அத்தை.

கூட்டம் சிரித்தது. ஒரு பெரியவர் வேனின் பின்கதவைத் திறந்து காட்டச் சொன்னார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். மதியத்துக்குள் எங்கள் கூடையில் செதில்தான் மிச்சம்.

திரும்பும் பஸ்ஸில் நான் அத்தை மடியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்களிடம் அத்தை குரலைத் தாழ்த்தி, "ஐஸ் மீனு துன்னு கருங்குழில ஒரு குடும்பமே வாந்தி பேதில கீதாம்" என்றாள். அவர்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். நானும் வைத்துக்கொண்டேன்.

பஸ் கடப்பாக்கம் வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை செத்துப்போயிருந்தது. அது நான் சேர்த்தது. அத்தை கருங்குழிப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சொன்னவள் என் அத்தை அல்லவா.