ஒன்றரை செபமாலைச் சுற்று

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், வாசலில் நின்று "மேஸ்திரி!" என்று கூப்பிடுவார்கள். சின்னப்பராஜ் வெளியே வருவார். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை, வாய் நிறையப் பேச்சு. மோட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழம வாங்க" என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பது உள்ளே பலகையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி இன்னாசிமேரி. ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயர் "மேஸ்திரி ஊட்டம்மா", அதாவது மேஸ்திரியின் வீட்டுக்காரி. பதினோரு வருஷமாக அந்தப் பெயர் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. கம்பி சுற்றுகிறவள் நான், மேஸ்திரி அவரா? ஆனால் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் வேலை கெடும். அதனால் சுற்றிக்கொண்டேயிருந்தாள்.

அவளிடம் ஒரு வழக்கம். கையால் சுற்றும் வைண்டிங் மெஷினில் எண்ணிக்கை காட்டும் கருவி என்றைக்கோ செத்துப்போயிருந்தது. இன்னாசிமேரி நூறு சுற்று வரை வாய்க்குள் எண்ணுவாள், நூறானதும் மடியில் கிடக்கும் செபமாலையில் ஒரு மணி தள்ளுவாள். மொத்தம் ஐம்பத்தொன்பது மணி. ஒரு மாலை முடிந்தால் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் சுற்று. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

அறுபத்தைந்தாம் வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தோமினிக் அழாத குறையாக வந்து சேர்ந்தான். தபால் ஆபீஸ் குமாஸ்தா, கோயில் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன். சிங்கப்பூரில் கப்பல் வேலை பார்க்கும் அண்ணன் அவனுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் அனுப்பியிருந்தார். செர்ரிப்பழச் சிவப்பு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. விலையைக் கேட்டவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னடா ஆச்சு?" என்றார் சின்னப்பராஜ்.

"எலெக்ட்ரிக் கிட்டாருன்னுதானுங்கண்ணா போட்டிருந்துச்சு. அதனால சுவத்துல இருக்கற பிளக்குல கொடுத்தேனுங்க."

சின்னப்பராஜ் வெற்றிலையைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நல்லவேளை, அப்போது கிட்டார் மேஜைமேல் கிடந்தது; கையில் வைத்திருந்தால் திருவிழாவுக்குப் பதில் திவசம் நடந்திருக்கும். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப், அதாவது ஓசையைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தக் காயில், ஒரே மூச்சில் புகைந்து போயிருந்தது.

"மெட்ராஸுல வேற பிக்கப் வாங்கிரலாமுங்களா?" என்றான் தோமினிக். மெட்ராஸுக்கு லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் மயில்சாமியிடம், "நல்ல பிக்கப்பா வாங்கிட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினான். மயில்சாமி மூன்றாம் நாள் ஒரு லாரி கார்புரேட்டரோடு வந்து இறங்கினார். "இதைப் போட்டீங்கன்னா ஏத்தத்துல வண்டி பிச்சுக்கிட்டுப் போகுமுங்க" என்றார். அவர் உலகத்தில் பிக்கப் என்றால் அதுதான். மறுநடையில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்பியதில், மரத்தின்மேல் ஒட்டவைக்கும் வட்டமான பிக்கப் ஒன்று வந்தது. மெட்ராஸ் டப்பா, மெட்ராஸ் மினுக்கு.

அதற்குள் இன்னாசிமேரி எரிந்த காயிலைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. உருவ உருவத் துண்டு துண்டாக வந்தது. பொறுமையாக எண்ணினாள். ஏறக்குறைய ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் சுற்று.

"ஒரு செபமாலைதானுங்க. நான் சுத்தறேன்" என்றாள்.

"பம்புசெட்டும் கிட்டாரும் ஒண்ணா மேரி? மெட்ராஸ் சாமான் வந்தாச்சு, விடு" என்றார் கணவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. இதை மட்டும் செய்து காட்டிவிட்டால் தன் வேலைக்குத் தன் பெயர் கிடைக்கும், கெடுத்துவிட்டால் ஆயுசுக்கும் ஊட்டம்மாதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தாறாம் நம்பர் கம்பி வாங்கிவரச் செய்து மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தாள்.

முப்பதாவது மணியைத் தள்ளியபோது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. எழுந்து நின்று திரிகால செபம் சொன்னாள். மறுபடி உட்கார்ந்து செபமாலையை எடுத்தவள், பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்தில் சிலுவையிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். மாலை முழுக்க முடிந்தபோதுதான் பார்த்தாள், காயில் விளிம்பு தட்டி நிற்கிறது. முப்பதும் ஐம்பத்தொன்பதும் எண்பத்தொன்பது. இத்தனை மெல்லிய கம்பியைத் திருப்பி உருவினால் அறுந்துபோகும், வேறு கம்பியும் இல்லை. "மாதாவே, உம்மைக் கும்பிடப்போய்த்தானே தப்பினது" என்று ஒரு பாடு அழுதுவிட்டு, வாயை மூடிக்கொண்டு கிட்டாரில் பொருத்தினாள்.

திருவிழாவுக்கு முந்தின மாலை கோயில் மண்டபத்தில் மைக்செட் கட்டி, மெட்ராஸ் பிக்கப், மேரி சுற்றியது இரண்டையும் வாசித்துப் பார்த்தார்கள். பாடல்குழு வாத்தியார் சூசைமாணிக்கம் கறாரான ஆள். "எது எதுன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க" என்று முதுகைக் காட்டி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

தோமினிக் முதலில் ஒன்றை வாசித்தான். மெல்லிசாக, தகரத்தில் சோளம் கொட்டுவதுபோல் வந்தது. நகம் பட்ட சத்தம், சட்டைப் பித்தான் உரசிய சத்தம் எல்லாம் கேட்டது. ஓசையைக் கூட்டியதும் குழாய் ஒலிபெருக்கி ஊளையிட்டது. பிறகு ஒயரை மாற்றி இன்னொன்றை வாசித்தான். இன்னாசிமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கனமாக, கனிவாக, மண்டபம் நிறைந்து வழிந்தது சத்தம். கீழ்க்கம்பியைத் தொட்டதும் பெஞ்சே அதிர்ந்தது. மணி அடிக்க வந்த உபதேசியார் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"ரெண்டாவதுதான்" என்றார் வாத்தியார் திரும்பாமலே. "மொதலாவதைத் தூக்கிக் கடாசுங்க."

தோமினிக் துள்ளிக் குதித்தான். "சிங்கப்பூர்ல இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ தெரியலீங்க, ஆனா இது நல்லா இருக்குது! எத்தனை சுத்துங்க மேஸ்திரி?"

கேள்வி சின்னப்பராஜுக்கு. அவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... கம்பியோட கனத்தைப் பொறுத்து..." என்று இழுத்து மனைவியைப் பார்த்தார்.

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்" என்றாள் இன்னாசிமேரி. "ஒரு மாலைதான் சுத்தணும். நடுவுல செபத்துக்கு எந்திரிச்சேன், எண்ணிக்கை தப்பி ஒன்றரை மாலை ஆயிருச்சு. தப்பு எம்மேலதான்."

சுற்று கூடினால் ஓசையும் கூடும், கனமும் கூடும் என்று வாத்தியார் விளக்கம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தேருக்கு முன்னால் அந்தக் கிட்டார் பேசிய பேச்சில், சுற்றியது யார் என்ற சேதி பேட்டை முழுக்கப் பரவியது.

அடுத்த வாரம் வெண்ணந்தூரிலிருந்து பொன்னன் என்ற விவசாயி எரிந்த மோட்டாரோடு வந்து இறங்கினார். "மேஸ்திரி இருக்காங்களா?"

"நான்தானுங்க" என்று சின்னப்பராஜ் எழுந்தார்.

"நீங்க இல்லீங்க. செபமாலை மேஸ்திரின்னு சொன்னாங்க. அவங்க கையாலதான் சுத்தோணும்."

சின்னப்பராஜ், கோபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட, உள்பக்கம் திரும்பித் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க மேஸ்திரி! உங்களைத் தேடி வந்திருக்காங்க பாருங்க!"

உள்ளே எழுபத்துமூன்றாவது சுற்றில் இருந்த இன்னாசிமேரிக்கு எண்ணிக்கை தப்பிப்போனது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாரேன், இருக்கச் சொல்லுங்க" என்றாள்.