முதல் வீட்டுத் தண்ணீர்

மசுயே உட்கார்ந்திருந்து ஊரில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசில் பாதியை நின்றே கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. "உன் உள்ளங்கால்ல சக்கரம் வச்சுதான் பெத்தாங்களா?" என்று கணவர் சோயிச்சி கேலி செய்வார். ஆனால் இந்தப் பனிக்காலத்தில் அவள் வீட்டுக்குள்ளேயே அலைந்ததற்குக் காரணம் வேறு. ஊற்று நின்றுவிட்டது.

அந்த மலையடிவாரத்தில் இருப்பது பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் தரைக்கடியிலிருந்து தண்ணீர் தானாகப் பொங்கும். முதல் தொட்டி குடிக்க, அடுத்தது காய் கழுவ. மூன்றாவதில் கெண்டை மீன்கள் சோற்றுப் பருக்கையைத் தின்றுகொண்டு கிடக்கும். மிச்சத் தண்ணீர் வாசல் வாய்க்காலுக்குப் போகும். வெயில் காலத்தில் பல் கூசுகிற அதே தண்ணீர், பனிக்காலத்தில் வெதுவெதுப்பாக ஆவி பறக்க வரும். நகராட்சிக் குழாயும் எல்லா வீட்டிலும் உண்டு, குளிக்கவும் துவைக்கவும். அதைக் குடிக்கிறவனை அங்கே மனிதனாகவே சேர்க்கமாட்டார்கள்.

ஜனவரியில் ஒருநாள் காலை மசுயே எழுந்து வந்தபோது தொட்டிமேல் ஆவி இல்லை. கையை விட்டுத் துழாவினாள். மணலைப் புரட்டிக்கொண்டு விரலை உந்தும் அந்த உந்தல் இல்லை. கெண்டைகள் அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன.

"ஏங்க, செத்துப்போச்சுங்க."

"மீனா?"

"ஊத்து."

சோயிச்சி வந்து பார்த்தார். அவரும் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு, "திருவிழா முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு தண்ணீர்த் திருவிழா. கீழ்க்கோடி வீட்டிலிருந்து எல்லாரும் சேர்ந்து மேலே ஏறுவார்கள். வீட்டுக்கு ஒரு சின்னக் கிண்ணம் ஊற்றுத் தண்ணீர். வீட்டுக்காரர் "எப்படி இருக்கு?" என்று கேட்க, வந்தவர்கள் "இனிக்குது" என்று சொல்லியாக வேண்டும். மேட்டில் இருக்கிற முதல் வீட்டில் ஒரு குடம் நிரப்பி, அந்தத் தண்ணீரில்தான் கோயிலில் சாமிக்குச் சோறு ஆக்குவார்கள். அந்த முதல் வீடு மசுயேவின் வீடு. மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தக் குடத்தை நிரப்புகிறவள் அவள். மாமியார் காலத்தில் நிற்காத ஊற்று தன் கையில் நின்றுவிட்டதே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திருவிழாக் காலையில் அவள் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது! குழாய்த் தண்ணீரை முந்தின நாளே வாளிகளில் பிடித்து, வாடை போக அடுப்புக்கரித் துண்டு போட்டு வைத்திருந்தாள். அதைத் தொட்டியில் ஊற்றினாள். ஐஸாகக் குளிர்ந்தது. ஒரு கெட்டில் வெந்நீரை விளாவினாள். விரல் வைத்துப் பார்த்து இன்னும் அரை கெட்டில். குழந்தையைக் குளிப்பாட்டக்கூட அவள் இவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை.

கீழ்க்கோடி வீடு தொமிக்கோ அம்மாளுடையது. எண்பதை நெருங்கும் ஒண்டிக்கட்டை. மசுயே கிண்ணத்தை வாயில் வைத்ததும் பல் வெடவெடத்தது. பனிக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் இப்படிக் குளிராது.

"எப்படி இருக்கு, மசுயே?" தொமிக்கோ அம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இனிக்குதுங்க."

அடுத்த வீட்டிலும் பல் கூசியது. அதற்கடுத்த வீட்டில் குளோரின் நெடி மூக்கில் ஏறியது. எல்லாரும் தலையை ஆட்டி "இனிக்குது, இனிக்குது" என்றார்கள். தண்ணீர்ச் சங்கத் தலைவர் கதோவாக்கி வீட்டில் கிண்ணம் நாக்கைச் சுட்டது. வெந்நீரை அளவு தெரியாமல் கொட்டியிருந்தார் மனிதர். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

வழியெல்லாம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் தெருவில் ஒரு பொட்டுப் பனி நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு கிணற்றில் பம்பு போட்டு, வாசலில் பதித்த குழாய்கள் வழியாக நிலத்தடித் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அந்த வெதுவெதுப்பில் பனி கரைந்து ஓடிவிடும். மண்வாரியால் வாரி முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வருஷப் பனிக்கு மசுயே வீட்டு பம்பும் இரவும் பகலும் ஓடியது.

கடைசியில் அவள் வீடு. எல்லாரும் குடித்தார்கள், எல்லாருக்கும் இனித்தது. கதோவாக்கி குடத்தை நீட்டினார்.

"நிரப்பும்மா. சோறு ஆக்க நேரமாச்சு."

மசுயே அகப்பையைத் தொட்டிக்குள் விட்டாள். எடுத்தாள். குடத்தில் சாய்க்காமல் மறுபடி தொட்டியிலேயே ஊற்றினாள்.

"என்னால முடியலீங்க. உங்களுக்குக் குடுத்துட்டேன். சாமிக்குக் குடுக்க முடியாது. இது குழாய்த் தண்ணி."

"மசுயே!" என்றார் சோயிச்சி.

"எங்க ஊத்து நின்னு மூணு வாரம் ஆச்சு. கெட்டில் வச்சு விளாவினேன்."

கதோவாக்கியின் முகம் சிவந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? முதல் வீட்டுக்காரி பேசற பேச்சா?"

"நீங்க மட்டும் என்னவாம்?" என்று பின்னாலிருந்து அவர் மனைவியே கேட்டாள். "ரெண்டு கெட்டில் போதும்னேன், கேட்டீங்களா? என் நாக்கே பொத்துப்போச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எங்க வீட்லயும் நின்னுபோச்சு, புதுவருஷத்திலேர்ந்தே" என்றது ஒரு குரல். "எங்களதும்" என்றது இன்னொன்று. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கல்யாண வீட்டில் சிரிக்கிற மாதிரி சிரித்தார்கள். மசுயேவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தன் வீடு மட்டும் இல்லை என்று எல்லார் வாயாலும் கேட்டாயிற்று! எத்தனை நாள் பாரம்!

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எல்லா வீடுமா? அப்படியானால் தண்ணீர் எங்கே போயிற்று? சிரிப்பு அடங்கியதும் வாசலில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. தெரு முழுக்க ஈரமாகப் பளபளத்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஊற்றுக்கு வரவேண்டிய தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கம் போன இடத்தில் மசுயேவுக்குப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கு வெட்கமே தேவலை என்று இருந்தது.

"பம்பை நிறுத்தணும்" என்றாள். "எல்லாரும். இன்னிக்கே."

"நிறுத்திட்டு?" தொமிக்கோ அம்மாள் கேட்டார். கோபமாக இல்லை, கெஞ்சலாக. "இந்த வயசுல பனியை நான் எப்படி வாருவேன்? வாசலைத் திறக்க முடியாம உள்ளேயே கிடந்து சாகணுமா?"

கதோவாக்கி காலிக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சோயிச்சி வெளியே போனார். மறு நிமிஷம் அவர்கள் வீட்டு பம்பு நின்றது. கரைய வழியில்லாமல் பனி பல வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் வெள்ளையாகப் படியத் தொடங்கியது.

மசுயே கொட்டகைக்குள் புகுந்து மண்வாரியைத் தேடி எடுத்தாள். இத்தனை வருஷத்தில் துருவேறிக் கிடந்தது. "பம்பை நிறுத்துங்கம்மா, உங்க வாசல் பனியை நான் வாருறேன்" என்று தொமிக்கோ அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கோடி வீட்டை நோக்கி இறங்கினாள். எத்தனை நாளைக்கு, அவள் ஒருத்தியால் எத்தனை வாசலுக்கு? பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.