ஊசிக்கும் இலைக்கும் நடுவில்

பக்கத்து வீட்டு சௌந்திரம் அக்காவைப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எது கேட்டுச்சுங்க, எலையா ஊசியா?" இங்கிதம் என்பது மருந்துக்கும் கிடையாது எங்கள் தெருவுக்கு.

அக்காவின் வீட்டுக்காரர் அப்புசாமி திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரி ஓட்டினார். எண்பத்து நாலில் வடக்கே வேலைக்குப் போனவர், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துத் திரும்பினார். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு ஏதேதோ சோதனை. ஈரலில் புற்றுக்கட்டி, விலாவுக்குக் கீழே நாலு விரல் அளவு இறங்கிவிட்டது, அறுக்க முடியாது, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஈரல் என்றால் பச்சிலைதான் என்று அயோத்தியாப்பட்டணத்துச் சென்றாயனிடம் துரத்தினார்கள். காமாலைக்கு மருந்து கொடுக்கிறவர். காசு வாங்கமாட்டார். இலையை அரைத்து உருட்டித்தான் தருவார், பேரைச் சொல்லமாட்டார்.

"விடியறதுக்கு முன்ன ஆட்டுப்பால்ல கலக்கிக் குடும்மா. உப்பு ஆகாது. இங்கிலீசு மருந்து கூடவே கூடாது. குடுக்கிறதை யார்கிட்டயும் சொல்லிடாத, சொன்னா பலிக்காது" என்றார்.

அக்கா என்ன செய்வாள்? சென்றாயனிடம் ஊசியை மறைத்தாள், டாக்டரிடம் இலையை மறைத்தாள். இருட்டோடு எழுந்து காட்டுப்பக்கம் போய் ஆட்டுப்பால் வாங்கி வருவாள். வீட்டுக்காரருக்கு உப்பில்லாமல் ஒரு சோறு, மற்றவர்களுக்கு ஒரு சோறு. பிறகு சேலம் பஸ். ஊசி போட்ட அன்று திரும்பும்போது அவர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துக்கொண்டே வருவார். கண்டக்டர் முணுமுணுப்பார். எனக்கு அந்தக் கண்டக்டர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

சில மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் டாக்டர் வயிற்றில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கட்டி இரண்டு விரலுக்குச் சுருங்கியிருந்தது. "இந்த ஊசிக்கு இவ்வளவு கரைஞ்சு நான் பார்த்ததில்லை" என்றார்.

அந்தச் சிரிப்பில் அக்கா வாயை விட்டுவிட்டாள். "எலையும் குடுக்கறனுங்க சார்."

சிரிப்பு நின்றது. டாக்டர் கத்தினார். அப்புறம் அவரே தணிந்து சொன்னார்: "சில செடியில இருக்கிற சத்து கட்டியை இளக்கி, ஊசி மருந்தை நல்லா வேலை செய்ய விடுதோ என்னவோ. இருக்கலாம். ரெண்டும் சேர்ந்து நல்ல ஈரலையும் கெடுத்துடலாம். ரத்தம் வேற குறைஞ்சுட்டே வருது. முதல்லயே சொல்லியிருந்தா ஒவ்வொண்ணா கவனிச்சிருப்பேன். இனி ஒண்ணை நிறுத்துங்க. ஊசியை நிறுத்துன்னு என் வாயால சொல்லமாட்டேன்."

சென்றாயனிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊசியை விட்டுட்டு வா, தரேன்" என்றார். எந்த இலை என்று கடைசிவரை சொல்லவில்லை.

எதை விடுவது? அக்கா ஒரு வாரம் அலைந்தாள். யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் வீட்டுக்காரரிடமே கேட்டாள்.

"ஏனுங்க, எத நிறுத்தட்டுங்க?"

அப்புசாமி யோசிக்கவே இல்லையாம். "எலைய நிறுத்திரு புள்ள. ஊசின்னா நான் படற பாடு. எலைன்னா இருட்டுல எந்திரிச்சு நீ படற பாடு. பாத்துட்டுப் படுத்திருக்க முடியல."

இலை நின்றது. ஊசி தொடர்ந்தது. கட்டி மறுபடி வளர்ந்தது, முன்பைவிட வேகமாக. இலையை நிறுத்தியதாலா, ஊசி சலித்துப்போனதாலா, எப்படியும் வளர்ந்திருக்குமா, டாக்டருக்கும் தெரியவில்லை. ஆடி பிறக்கும் முன் அப்புசாமி போய்விட்டார்.

போன வாரம் ராசிபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். வீட்டுக்காரருக்கு அதே கட்டி. அதே கேள்வி. விரட்டிவிடலாம் என்று நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எது கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. எல நின்னதும் விடிய விடிய நல்லாத் தூங்குனனுங்க. அப்பத்தான் கட்டி வளந்துட்டு இருந்துச்சு."