குரங்கின் பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமல் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. ஓய்வு பெற்ற நான் வாரத்தில் மூன்று நாள் சம்பளமில்லாமல் போய்ப் படிப்பிக்கிறேன். ரோட்டிலிருந்து பாடசாலைக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. மழை பெய்தால் அதில் ஒன்பது படி வழுக்கும். கணிதத்துக்கு ஆள் கேட்டு பாடசாலை அதிபர் ஏழு கடிதம் எழுதினார். ஆசிரியருக்குப் பதிலாக வந்து சேர்ந்தவர் ஒரு வளவாளர்.

வளவாளர் என்பவர் கொழும்பிலிருந்து வான் வண்டியில் வந்து, நாங்கள் முப்பது வருடம் செய்த வேலையை எங்களுக்கே சொல்லிக்கொடுக்கிறவர். இவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில், சம்பளம் வாங்குவது ஒரு தொண்டு நிறுவனத்தில். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் என்பதால் திட்டவும் முடியாது என்பதே எனக்குப் பெரிய எரிச்சல். பழைய கதைகளை வேறொருவர் பார்வையில் திருப்பி எழுதவைத்தால் பிள்ளைகள் அடுத்தவர் இடத்தில் நின்று யோசிக்கப் பழகுவார்கள் என்பது அவருடைய செயலமர்வின் சாரம். முதல் ஒரு மணி நேரத்தில் அதைப் பதினொரு தடவை சொன்னார். தரம் ஐந்தில் உள்ள இருபத்தாறு பேரில் ஒன்பது பேருக்கு இன்னும் கூட்டல் வராது. கூட்டலுக்கு முன் அவர்களுக்குப் பார்வைக் கோணம் வந்துவிட்டது.

அவர் எடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர் அப்பத்துக்கு இரண்டு பூனைகள் சண்டை பிடிக்கும். பங்கு பிரித்துத் தருவதாகக் குரங்கு தராசோடு வரும். கனமான தட்டைச் சரிசெய்கிறேன் என்று மாறிமாறிக் கடித்து முழு அப்பத்தையும் தின்றுவிடும். ஆளுக்கொரு வண்ணப் படப் புத்தகம் கொடுத்தார். ஆறு பக்கம்.

“பிள்ளையள், இப்ப நீங்கள் குரங்கின்ர பக்கத்தில நிண்டு எழுதுங்கோ,” என்றார்.

இருபத்தாறு பிள்ளைகளும் தாளைப் புரட்டிக் குரங்குப் படம் இருந்த நான்காம் பக்கத்துக்குப் போனார்கள். படத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம் வெள்ளையாக இருந்தது. அதற்குள் எழுதத் தொடங்கினார்கள். கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்து, “சார், நின்னுக்கிட்டேவா எழுதணும்?” என்று கேட்டாள்.

வளவாளர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் நான்தான் சொன்னேன்: “கொரங்கு கத சொன்னா எப்படிச் சொல்லும்னு எழுதுங்க.” ஆறு சொல். அதற்கு வான் தேவைப்படவில்லை.

இருபத்தைந்து பேர், குரங்குக்குப் பசித்தது, அப்பம் ருசியாக இருந்தது என்று எழுதினார்கள். எழுந்து நின்று கேட்ட அந்தப் பெண்பிள்ளை மட்டும் கொப்பியில் பதினாறு வரி எழுதியிருந்தாள். அவளுடைய அம்மா எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து எடுக்கிறவள். எடுத்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகைதான் மடுவம். நடுவில் இப்படி வந்தது:

“கொழுந்து மடுவத்தில் நிறுப்பது என் வேலை. பூனைகள் கொண்டுவரும் அப்பத்தைத் தராசில் போடுவேன். தண்ணிக்கு இரண்டு கடி, சாக்குக்கு ஒரு கடி கழிப்பேன். பிறகு அப்பம் குறைகிறது என்று அரைப் பேர் போடுவேன். எனக்கும் மேலே ஒரு பெரிய குரங்கு இருக்கிறது. அது கத்தினால் நான் வாலைச் சுருட்டிக்கொள்வேன்.”

வளவாளர் அதை இரண்டு தடவை வாசித்தார். கண் கலங்கியது போலக்கூட இருந்தது.

“அரைப் பேர்... என்ன கற்பனை பாருங்கோ, சேர். முழுப் பெயர்கூட இல்லாத பூனை. அடையாளம் தொலைஞ்ச நிலை.”

“அது அடையாளம் இல்லீங்க. பேருன்னா ஒரு நாள் வேலை. பதினெட்டுக் கிலோவுக்குக் கொறஞ்சா அன்னைக்குப் பாதி நாள்தான் வேலை செஞ்சதா எழுதுவாங்க. அதுதான் அரைப் பேர்.”

“அப்பிடியும் வாசிக்கலாம்,” என்றார் வளவாளர். தன் குறிப்புக் கொப்பியில் ‘அடையாளம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

அவளுக்கே முதற்பரிசு. வெள்ளிக்கிழமை நிறைவு விழாவில் கதையை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். முன்வரிசை விருந்தினர்களில் ஒருவர், துரைக்குக் கீழே தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு. மடுவத்தில் நின்று கொழுந்து நிறுக்கிறவர் அவர்தான். பாடசாலைக் கூரைக்குப் பன்னிரண்டு தகரமும் வாங்கித் தந்தவர்.

மறுநாள் மாலை அந்தப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அம்மா என் வீட்டுக்கு வந்தாள்.

“சார், அந்தக் கதய வாசிக்க விட்றாதீங்க. லயத்து வீடெல்லாம் சிரிக்குது. கொரங்கு யாருன்னு கேட்டா கைப்புள்ளகூட கையக் காட்டும். இப்ப மூணு கிலோ கழிக்கிறாரு. கோவம் வந்தா ஆறா கழிப்பாரு. எனக்கு முழுப் பேரு விழுமா? நீங்க கணக்கு வாத்தியாருதானே, போட்டுச் சொல்லுங்க.”

போட்டுப் பார்த்தேன். அவள் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு எடுப்பாள். மூன்று போனால் பத்தொன்பது. ஆறு போனால் பதினாறு. மாதம் முழுக்க ஒரு முழுப் பேர்கூட விழாது.

“நான் வாசிப்பேன்,” என்றாள் பிள்ளை.

“வாய மூடுடி. கத எழுதுறாளாம் கத.”

நான் அதிபரிடம் போனேன். “கதையில தராச எடுத்துட்டுக் கத்தியப் போட்டுருவோம் சார்,” என்றார் அதிபர். கத்தியால் அப்பத்தை எப்படி நிறுப்பது என்று கேட்டேன். தகரங்களை அண்ணாந்து பார்த்தார். வளவாளரிடம் போனேன். “அம்மாவின்ர பார்வையும் முக்கியம்தான் சேர். அதை அடுத்த செயலமர்வில எடுப்பம்,” என்றார். இப்படி அந்தப் படிகளில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன்.

கடைசியில் கொப்பியை அந்த அம்மாவுக்கே முழுதாக வாசித்துக் காட்டினேன். அதுவரை யாரும் அவளுக்கு அதை வாசிக்கவில்லை. பெரிய குரங்கு வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “கடிக்கிறதும் அரைப் பேரும் வர்ற எடத்த மட்டும் எடுத்துருங்க. மத்தது இருக்கட்டும். நல்லாத்தான் எழுதியிருக்கா.”

இரண்டு வாக்கியம். பென்சிலால் கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் நிறுவை முடிந்து பதினான்கு பெண்கள் விழாவுக்கு வந்து பின்னால் நின்றார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. பிள்ளை தெளிவாக வாசித்தாள். “அப்பத்தைத் தராசில் போடுவேன்” என்றதும் நிறுத்தினாள். அடித்த வாக்கியங்களை அவள் வாசிக்கவில்லை. ஆனால் அவற்றை வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். நான் ஒன்பதுவரை எண்ணினேன். ஐந்தாவதிலேயே பின்னால் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்தாள். ஒன்பதில் பதின்மூன்று பேரும் குலுங்கினார்கள். அம்மா மட்டும் தரையைப் பார்த்தாள்.

கண்டாக்கு திரும்பிப் பார்த்தார்.

“எனக்கும் மேலே ஒரு பெரிய குரங்கு இருக்கிறது,” என்று பிள்ளை தொடர்ந்தாள். “அது கத்தினால் நான் வாலைச் சுருட்டிக்கொள்வேன்.”

கண்டாக்கு தொடையில் தட்டிச் சிரித்தார். மண்டபத்திலேயே பெரிய சிரிப்பு அவருடையதுதான். பக்கத்தில் இருந்த அதிபரிடம், “நம்ம தொரைய நேருல பாத்த மாதிரியே எழுதியிருக்கு புள்ள,” என்றார். அப்பத்தைக் கடிக்கிற குரங்கு தான்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. தனக்கு மேலே இருப்பவர் யார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. வளவாளர் பதினேழு படம் எடுத்துக்கொண்டு வானில் ஏறினார்.

மறுநாள் மாலை மடுவத்துக்குக் கீழே அம்மாவைக் கண்டு எவ்வளவு கழித்தார் என்று கேட்டேன்.

“எப்பவும் போல மூணுதான் சார்,” என்றாள். முகம் தெளிந்திருந்தது. “கழிச்சிட்டு, ‘ஒம் மக நல்லா வாசிக்கிறா’ன்னாரு.”