நான் நடத்திய கிராமசபை

எங்கள் அம்மா ஐந்து வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்தாள். அந்த ஐந்து வருஷமும் ஊர் ‘தலைவரே’ என்று கூப்பிட்டது அப்பாவைத்தான்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த முறை எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வாரம் எழவு விழுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அம்மாவை நிற்க வைத்தார்கள். ஜெயித்த அன்று பூமாலை அப்பா கழுத்தில் விழுந்தது. அம்மா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் கோபமாகச் சொல்ல இப்போது எனக்குத் தெம்பில்லை. இதே கதையை எத்தனையோ ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஊராட்சி கிளார்க் காகிதங்களை வீட்டுக்கே கொண்டுவருவார். அப்பா படித்துப் பார்ப்பார். “இங்கன போடு” என்று விரலை வைத்த இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவாள். போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இப்படித்தான் இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு தேனியில் பெண் தலைவர்களுக்குப் பயிற்சி என்று இரண்டு நாள் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூடவே போனார். கணவன்மாரை உள்ளே விடவில்லை என்பதால் வெளியே டீக்கடையில் காத்திருந்தார். அந்த இரண்டு நாளில் உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்களோ, அம்மா வேறு ஆளாகத் திரும்பி வந்தாள். சோறு வடித்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

“கிராமசபையில சனம் கூடி என்ன சொல்லுதோ அதத்தேன் தீர்மானமா எழுதணுமாம். கலெக்டர்கூட லேசுல மாத்த முடியாதாம். அரசியல் சட்டத்துலயே இருக்குன்னு சொன்னாக.”

அப்பா சிரித்தார். “சட்டம் டெல்லியில இருக்கும். டேங்கு இங்கனல்ல இருக்கணும்?”

அந்த டேங்குதான் விஷயம். குடிதண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டி ஒன்று ஊருக்கு வந்திருந்தது. எங்கே கட்டுவது என்பதைக் கிராமசபை தீர்மானிக்க வேண்டும். கிழக்குத் தெரு மேட்டில் இருக்கிறது. அங்கே கட்டினால் ஊர் முழுக்கத் தண்ணீர் இறங்கும். பெரியப்பாவோ தன் தென்னந்தோப்பு ஓரம் கட்டவேண்டும் என்றார். அங்கே கட்டினால் எங்கள் தெருவோடு தண்ணீர் நின்றுவிடும், மேட்டுக்கு ஏறாது. கிழக்குத் தெருப் பெண்கள் வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் வாய்க்காலில் எடுப்பார்கள். வாய்க்காலை அடைத்துவிட்டால் குடத்தோடு தோட்டம் தோட்டமாகப் போய், பம்புசெட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கித்தான் ஒரு குடம் கொண்டுவருவார்கள். ஓட்டுக் கேட்கப் போனபோது அம்மா அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். “டேங்கு வந்தா இங்கனதேன் வரும்” என்று அவள் சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. தேர்தலில் அவள் சொந்தமாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

எங்கள் ஊர்க் கிராமசபைக்கு ஒரு வழக்கம் உண்டு. சபை கூடுவதற்கு முதல் நாளே தீர்மானத்தை எழுதிவிடுவார்கள். நோட்டு வீடு வீடாகப் போகும். ஜனங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். மறுநாள் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தால் சபை முடிந்தது. இதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற மாதிரிதான்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் கிளார்க்குக்குக் காய்ச்சல். அப்பா என்னைக் கூப்பிட்டார். அப்போது எனக்குப் பத்து வயது. “ஆத்தா, நீ கெட்டிக்காரியில்ல? நோட்டக் கொண்டுபோயி எல்லார்ட்டயும் வாங்கிட்டு வந்துரு. பேரு வரிசையா எழுதிருக்கு. ஒண்ணுகூட விடக்கூடாது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிராமசபைதான் மக்களாட்சியின் அடித்தளம் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த அடித்தளத்தையும் ஸ்டாம்பு பேடையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் தெருவில் அரை மணி நேரத்தில் முடிந்தது. கிழக்குத் தெருவுக்குப் போனால் வீடெல்லாம் பூட்டு. பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள், பொழுது சாய்ந்துதான் வருவார்கள். ஒரு கோழியும் இரண்டு கிழவர்களும்தான் இருந்தார்கள். கிழவர்கள் வைத்துவிட்டார்கள். மீதி ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள் காலியாகக் கிடந்தன. அப்பா ஒன்றுகூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஊர்க் களத்தில் உட்கார்ந்து நானே வைத்தேன். ஒரே கட்டைவிரலை வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். எவ்வளவு புத்தி பாருங்கள்! படித்த பெண்கள் பெயருக்கு நேரே இடது கையால் கோணலாக எழுதினேன். நோட்டை வாங்கிப் புரட்டிய அப்பா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அம்மா அதற்கு முந்தின வாரமே கிழக்குத் தெருவுக்குப் போய், கிராமசபைக்கு எல்லோரும் வரவேண்டும், வந்து வாயைத் திறந்து கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர்களும் வந்தார்கள். அன்றைக்கும் ஜீப் போனது. கூலியை விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் கிராமசபையில் அவ்வளவு கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

யூனியன் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி, டேங்கு தோப்போரம் என்று தீர்மானத்தை வாசித்தார். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து விடுகிற கங்காணி அக்கா எழுந்தாள்.

“எங்களுக்கு இதுல சம்மதம் இல்ல சார். டேங்கு மேட்டுலதேன் வேணும்.”

“என்னம்மா இது, நீங்க எல்லாரும் கையெழுத்து வச்சிருக்கீகளே” என்று அதிகாரி நோட்டைக் காட்டினார்.

“நாங்க வைக்கல சார். நேத்துப் பூராம் மலையில கெடந்தோம்.”

அதிகாரிக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. நோட்டை டப்பென்று மூடினார். “பொய்க் கைநாட்டுன்னா தீர்மானம் செல்லாது. ஆனா அத்தோட போகாது, கேசாயிரும். வச்சது யாருன்னு போலீஸ் தேடும், பாத்துக்கங்க.” பிறகு அம்மாவைப் பார்த்தார். “நீங்கதான தலைவர்? நீங்க சொல்லுங்கம்மா. இது இவுக வச்சதா, இல்லையா?”

முதல்முறையாக ஒருவர் அவளைத் தலைவர் என்று கேட்டார். மைதானமே அவள் வாயைப் பார்த்தது. இல்லை என்று ஒரு வார்த்தை போதும், டேங்கு மேட்டுக்குப் போயிருக்கும். அவள் முகத்தில் அந்த வார்த்தை வந்து நின்றதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கேஸ், போலீஸ் என்றதெல்லாம் என் காதிலும் விழுந்தது. அது யாரோ கெட்டவர்களுக்கு என்று நினைத்தேன். நான் செய்தது அப்பா சொன்ன வேலை.

அம்மா நோட்டை வாங்கி மடியில் வைத்துப் பிரித்தாள். ஒரு கைநாட்டின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அது அவள் விரலுக்கு அடியில் மறைந்தே போயிற்று. அடுத்ததிலும் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்திப் பிள்ளைகள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். அம்மா பார்க்கிறாள் என்ற குஷியில் நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பத்து விரலிலும் ஊதா மை.

அம்மா நோட்டை மூடினாள்.

“அவுக வச்சதுதேன் சார்” என்றாள். “மறந்திருப்பாக.”

யாராவது வைதிருந்தால்கூடத் தேவலை. கங்காணி அக்கா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, “வாங்கடி, வாய்க்கா கலங்குறதுக்குள்ள தண்ணி எடுப்போம்” என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டேங்கு தோப்போரம் எழும்பியது. பதவி முடிகிறவரை அம்மா ‘இங்கன போடு’ என்ற இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் என்னை உட்கார வைத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். நகக்கண்ணில்கூட மை இல்லாமல் துடைத்தாள்.

“ஏம்மா பொய் சொன்ன? பயந்துட்டியா?” என்று கேட்டேன்.

“ஆமாத்தா. ரொம்பப் பயந்துட்டேன்.”

பெரியப்பாவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய மனுஷி, அதிலும் தலைவர், இப்படியா பயப்படுவாள் என்று எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது.

“நானா இருந்தா பயப்படாம உண்மையச் சொல்லிருப்பேன்” என்றேன்.

அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கையை நீட்டச் சொன்னாள்.